போடிமெட்டு ஏறாத வண்டி

“இந்த வண்டிக்கு என்னதான் கேடு தாயி?”

கேட்டேன் என்று சொல்வதா, கத்தினேன் என்று சொல்வதா. ரோட்டில் போன ரெண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பவுன்தாய் திரும்பவில்லை. ஒரு ஜீப்பின் சைலன்சருக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“உன்னைத்தான் தாயி கேக்குறேன்.”

“காதுல விழுந்துச்சுண்ணே.”

“விழுந்தா பதில் சொல்ல வேண்டாமா?”

“ஒக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு.”

மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? போடியிலிருந்து தேனி ரோட்டில் அவள் ஷெட்டுக்கு வர கால் மணி நேரம் போதும். நான் முக்கால் மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறேன். ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தாலும் வண்டி முப்பதைத் தாண்டவில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. போகிற போக்கில் அந்த டிரைவர் சிரித்தான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் வீரணன். போடியில் இருபத்தெட்டு வருஷமாக மெக்கானிக். பவுன்தாய் சைலன்சர் ஒட்டுகிறவள். என் கடைசித் தங்கச்சியைவிடச் சின்னவள். “உனக்குப் பிடிபடலைன்னா பவுனுகிட்டப் போ” என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்குப் பிடிபடவில்லை என்று எவன் சொன்னான் என்று அந்த நாலு பேரிடமும் சண்டை போட்டேன். போட்டுவிட்டுத்தான் கிளம்பி வந்தேன்.

வராமல் முடியாது. காலையில் ரெஜினாக்கா போனில் சொன்னது இதுதான்:

“வீரணா, வண்டி மலை ஏறுனா நாங்க மேல இருப்போம். ஏறலைன்னா வீட்டை வித்துட்டு கீழ வந்துர்றோம். ஞாயித்துக்கெழமை வீடு பாக்க ஆள் வருது. அம்புட்டுதான்.”

வண்டி ரெஜினாக்காவுடையது. இருபது வருஷத்துப் பழைய வெள்ளைக் கார். வீடு மலை உச்சியில், போடிமெட்டில். அவர் வீட்டுக்காரர் இன்னாசி அய்யாவுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யாது. வாரத்துக்கு ரெண்டு நாள் தேனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அக்காதான் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து மலை இறங்குவார், திரும்ப ஏறுவார்.

வண்டி என் பட்டறையில் மூணு வாரமாகக் கிடக்கிறது. மூணு வாரமாக அவர்கள் பஸ்ஸில் போய்வருகிறார்கள். டயாலிசிஸ் முடித்த உடம்பு அந்த வளைவுகளைத் தாங்குமா? போன திங்கட்கிழமை அய்யா பஸ்ஸுக்குள்ளேயே மயங்கி விழுந்துவிட்டார்.

ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கல் அடுக்கி அவர் கட்டின வீடு அது. அது போகப் போகிறது. என் பட்டறையில் கிடக்கிற ஒரு வண்டியால் போகப் போகிறது.

அன்றைக்கு வியாழன்.

பவுன்தாய் வெல்டிங்கை நிறுத்தினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

“என்னென்ன மாத்துனீங்க?”

“எதை மாத்தலைன்னு கேளு.”

“சரி. எதை மாத்தலை?”

எனக்கு வந்தது பாருங்கள் எரிச்சல். அடக்கிக்கொண்டு விரல் விட்டுச் சொன்னேன். பிளக் மாற்றினேன். காயில் மாற்றினேன். பெட்ரோல் பம்ப், ஃபில்டர். இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினேன். காற்றை அளக்கிற சென்சாரையும் விடவில்லை.

“கழட்டுனதெல்லாம்?”

“டிக்கில இருக்கு.”

எங்கள் ஊர்ப் பழக்கம் அது. கழற்றின சாமானைச் சாக்கில் கட்டி ஓனரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காத மெக்கானிக்கை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

அவள் போய் டிக்கியைத் திறந்தாள். சாக்கை அவிழ்த்தாள். பெட்ரோல் பம்பை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள். கீழே வைத்தாள். ஃபில்டரை எடுத்தாள். வைத்தாள். சென்சாரை எடுத்தாள்.

“இதெல்லாம் நல்லாத்தானே இருக்கு.”

“இருந்தா?”

“நல்லா இருக்கறதக் கழட்டிட்டு நல்லா இருக்கறதப் போட்டிருக்கீங்க.”

“ஏத்தா, நான் என்ன கொழுப்பெடுத்தா மாத்துனேன்? வண்டி ஓடலை தாயி! இழுவை இல்லை! மூணாவது வளைவுல நின்னு போகுது!”

“கத்தாதீங்கண்ணே. எந்திரிச்சு இங்க வாங்க.”

போனேன்.

“மூச்சை இழுங்க.”

“என்னது?”

“மூச்சை. நல்லா உள்ள இழுங்க.”

என்ன கிரகமோ என்று இழுத்தேன்.

“விடாதீங்க. இன்னும் இழுங்க.”

இழுத்தேன்.

“இன்னும்.”

நெஞ்சு விம்மிக்கொண்டு நின்றது. நான் தலையை ஆட்டினேன்.

“இன்னும் இழுங்கண்ணே. காத்துதான் நெறையக் கெடக்குதே.”

புஸ்ஸென்று விட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்ன பைத்தியமா நீயி? விடாம எப்படி இழுக்குறது?”

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போய்விட்டாள்.

நான் நின்றேன்.

நின்று கொஞ்ச நேரம் அவள் முதுகையே முறைத்தேன். அப்புறம் சாக்கைப் பார்த்தேன். பெட்ரோல் உள்ளே போகிற சாமான். காற்று உள்ளே போகிற சாமான். நெருப்புக் கொடுக்கிற சாமான். மூணு வாரமாக உள்ளே போகிற வழியை விட்டு நான் நகரவே இல்லை.

மெதுவாக வண்டியின் பின்னால் போனேன். என்ஜினை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் கையை வைத்தேன். கையில் காற்று பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

“தாயி, புகை வெளிய வரலை!”

“ம்.”

“ஆனா என்ஜினுக்குத் தெம்பில்லைன்னாலும் புகை இப்படித்தானே வரும்? தெம்பு இல்லாததால புகை வரலையா, புகை வராததால தெம்பு இல்லையா?”

இப்போதுதான் முதல் தடவையாக அவள் என்னை ஒழுங்காகப் பார்த்தாள்.

“அதுதான் கேள்வி. என்ஜினை ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க.”

“எதுக்கு?”

“சூடு ஆறணும்.”

“எம்புட்டு நேரம்?”

“ஆறுற வரைக்கும்.”

ஒரு மணி நேரம் உட்கார வைத்தாள். வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஆள் வருகிறது. நான் சைலன்சர் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சூடு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆறின பிறகு ஒரு ஸ்பேனரை என்னிடம் நீட்டினாள். வண்டிக்கு அடியில் விரலைக் காட்டினாள்.

என்ஜினிலிருந்து புகை இறங்கி வருகிற குழாயில் ஒரு டப்பா இருக்கும். கன்வெர்ட்டர் என்போம். உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரம் கண். அந்தக் கண் வழியாகப் போகும்போது புகையில் இருக்கிற விஷம் குறையும். அதற்குப் பிறகுதான் சைலன்சர். அவள் காட்டினது அந்த டப்பாவுக்கு முன்னால் குழாயில் முறுக்கியிருக்கிற சென்சாரை.

“அதைக் கழட்டுங்க. மாத்த வேண்டாம். சும்மா கழட்டுங்க.”

படுத்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு கழற்றினேன். கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

“இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.”

பண்ணினேன். அடேயப்பா! ஓட்டை வழியாகப் படபடவென்று அப்படி ஒரு சத்தம். பக்கத்து டயர் கடைக்காரர் எழுந்து ஓடி வந்துவிட்டார். நான் சத்தத்தைக் கேட்கவில்லை. காலடியில் ஆக்ஸிலேட்டரைத்தான் பார்த்தேன். லேசாக மிதித்தால் போதும், என்ஜின் கூவிக்கொண்டு ஏறியது. மூணு வாரமாகச் செத்துக் கிடந்த வண்டி!

“ஏறுது தாயி! ஏறுது!”

“ஆஃப் பண்ணுங்க. காது போகுது.”

இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. போகிற வழி அடைத்தால் வருகிற வழியில் எதைக் கொட்டி என்ன பிரயோசனம்? இவ்வளவுதான் விஷயம். இதற்கா மூணு வாரம்!

“சரி தாயி, கம்பியை விட்டு உள்ள இருக்கறதக் குத்தி எடுத்துரு. வெறும் டப்பாவா விட்டுரு. சாயங்காலமே மலை ஏத்திர்றேன்.”

எல்லாரும் செய்வதுதான். பழைய வண்டியில் கன்வெர்ட்டர் அடைத்தால் கடப்பாரைக் கம்பியால் குத்தி உதிர்த்துக் கொட்டிவிட்டு டப்பாவை மட்டும் மாட்டிவிடுவோம். புகை எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

“வெறும் டப்பாவுக்கு நான் வெல்டு வைக்கறதில்லைண்ணே.”

“அவசரம் தாயி.”

“மதுரைக்குப் போன் பண்றேன். புதுசு பஸ்ல போட்டுவிடுவாங்க. சனிக்கெழமை மாட்டிரலாம்.”

“ஏன் இப்படிப் படுத்துற?”

“யாரு அடைச்சதுன்னு தெரிய வேண்டாமா?”

“யாரு அடைப்பா? பழைய வண்டி. வயசாயிருச்சு. அடைச்சுக்கிருச்சு.”

அவள் கிரைண்டரை எடுத்தாள். டப்பாவைக் குழாயோடு அறுத்துக் கீழே இறக்கினாள். மேஜையில் வைத்து நடுவில் அறுத்து இரண்டாகப் பிளந்தாள். தீப்பொறி அடங்கின பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

தேன்கூடு இல்லை. ஒரு கண் கூட இல்லை. வெல்லப்பாகைக் காய்ச்சி ஊற்றி ஆறவிட்ட மாதிரி ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது.

“வயசானா உதிரும்ணே. பொடிப்பொடியா வரும். இது உருகியிருக்கு.”

“சரி. உருகியிருக்கு.”

“எதனால உருகும்?”

“சூட்டுல.”

“அம்புட்டுச் சூடு எங்கருந்து வந்துச்சு?”

பரீட்சை எழுத வந்தவன் மாதிரி நின்றேன். ஐம்பத்து மூணு வயசில் இது தேவையா? ஆனால் பதில் எனக்குத் தெரியும். தெரியாமல் என்ன?

“என்ஜினுக்குள்ள எரியாத பெட்ரோல் தப்பி வந்து இங்க எரிஞ்சிருக்கும்.”

“எரியாம எப்படித் தப்பும்?”

“மிஸ்ஸிங் இருந்தா தப்பும். ஒரு சிலிண்டருக்கு நெருப்பு வராம இருந்தா, அதுக்குப் போற பெட்ரோல் அப்படியே வெளிய வந்துரும்.”

“மிஸ்ஸிங் இருந்துச்சா?”

“இருந்துச்சு. அதுக்காகத்தான் ரெஜினாக்கா வண்டியையே கொண்டு வந்துச்சு. லேசா நடுங்குதுன்னுச்சு. காயில் போயிருந்துச்சு. மாத்திட்டேன். அது சரியாயிருச்சு. அதுக்கப்புறம்தான் இந்த இழவு.”

“கொண்டு வந்தப்ப மலை ஏறிச்சா?”

“என்ன?”

“அந்தக்கா அன்னைக்கு வண்டியைக் கொண்டு வந்து விட்டப்போ. அதுக்கு மொத நாள். மலை ஏறிச்சா ஏறலையா?”



“ஏறிச்சு.”

“உங்ககிட்ட வந்தப்பறம்தான் ஏறலை.”

“அது... நீ என்ன சொல்ல வர்ற?”

“நான் ஒண்ணும் சொல்லலைண்ணே. அந்த மிஸ்ஸிங்கை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஏனென்றால் அதில்தான் நான் பேர் எடுத்தவன். போடியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மீட்டர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக் ஒயராக உருவுவேன். ஒயரை உருவினதும் சத்தம் இறங்கித் தொங்கினால் அந்த சிலிண்டர் நல்லது. தொங்காவிட்டால் அதுதான் திருடன். காதாலேயே சொல்லிவிடுவேன்.

“ஒயரை உருவித்தான். எல்லாரும் பண்றதுதானே.”

“எம்புட்டு நேரம் உருவி வைப்பீங்க?”

“ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம்.”

“இந்த வண்டிக்கு?”

இந்த வண்டிக்கு.

இந்த வண்டி என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. மூணாம் நம்பர் மாதிரி இருக்கும். அப்புறம் ரெண்டாம் நம்பர் மாதிரி இருக்கும். விடுவேனா? மூணாம் நம்பர் ஒயரை உருவிப் போட்டுவிட்டு ஓடவிட்டுக் கேட்டேன். நடுவில் ஒரு லாரிக்காரர் வந்தார். அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் இன்னொரு மெக்கானிக் வந்தான். அவனுக்கும் ஓட்டிக் காட்டினேன். மறுநாள் ஒயரை உருவினபடியே சுப்புராஜ் நகர் வரைக்கும் ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். மலை ஏற்றத்தில் சத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்க அடிவாரம் வரைக்கும் ஓட்டினேன். மூணு நாள் அந்த வண்டி மூணு காலில் நொண்டியது. நாலு சிலிண்டரில் ஒயர் உருவின ஒன்றுக்குப் போன பெட்ரோல் எங்கே போனது?

எங்கே போகும்?

மேஜையில் கிடந்த கட்டியைப் பார்த்தேன்.

“நான்தான் தாயி.”

அவள் ஜீப்புக்குப் போயிருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

ஒயரில் நெருப்பு வருகிறதா என்று பத்து ரூபாய்க்கு விற்கிற டெஸ்ட் விளக்கை வைத்தே சோதித்திருக்கலாம். வேண்டாம், பெட்ரோல் போகிற இன்ஜெக்டரின் ஒயரையும் சேர்த்துக் கழற்றியிருந்தால்கூடப் போதும். இருபத்தெட்டு வருஷமாக ஒயரை உருவுகிறேன். பழைய கார்புரேட்டர் வண்டியில் அடியில் டப்பாவே கிடையாது. எதுவும் ஆகாது. டப்பா வந்த பிறகும் நான் உருவுகிறதை நிறுத்தவில்லை. இன்னும் எத்தனை பேர் வண்டியை இப்படி அடைத்து அனுப்பினேனோ!

அவமானமாக இருந்தது. அதைவிட, அந்த மனுஷன் பஸ்ஸில் மயங்கி விழுந்தது என்னால்தான்.

சனிக்கிழமை மதுரை பஸ்ஸில் புது கன்வெர்ட்டர் வந்தது. பவுன்தாய் மாட்டினாள். சென்சாரை நான் முறுக்கினேன். சைலன்சர் வாயில் கையை வைத்தால் காற்று தள்ளியது.

ஷெட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் பக்கத்தில் போனேன்.

“தாயி. இது... அந்த ஒயர் விஷயம். வெளிய தெரிய வேண்டாம்.”

“நான் யாருகிட்டண்ணே சொல்லப் போறேன்?”

“இல்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வண்டிக்கு வயசாயிருச்சுன்னு சொல்லிக்கிறேன். அதுவும் பொய் இல்லையே.”

“உங்க இஷ்டம்.”

அவள் போய் அந்த உருகின கட்டியை எடுத்து வந்தாள். மற்ற சாமானெல்லாம் டிக்கியில் சாக்கில் இருந்தது. இதை அங்கே போடவில்லை. முன் கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் வைத்தாள். வைத்துவிட்டு சீட் பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டிவிட்டாள்.

“என்ன தாயி இது?”

“வளைவுல உருண்டுறக் கூடாதுல்ல.”

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். இப்படியும் ஒரு பொம்பளை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை ஏறினேன். மூணாவது வளைவு. ஏறியது. ஐந்தாவது. ஏறியது. கியரை மாற்றாமலேயே ஒரு லாரியை முந்தினேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த கட்டி லேசாகச் சாய்ந்து என்னைப் பார்த்தது. ரேடியோவைப் போட்டுவிட்டு நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வாசலில் ரெஜினாக்கா நின்றார். வண்டி ஏறி வந்ததைப் பார்த்தும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இன்னாசி அய்யா உள்ளே நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் அட்டைப்பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன.

“ஏறிருச்சுக்கா! பறக்குது!”

“என்னவாம் அதுக்கு?”

“கன்வெர்ட்டர் அடைச்சிருந்துச்சு. புதுசு மாட்டியாச்சு.”

“எதனால அடைச்சுச்சு?”

நாக்கில் தயாராக இருந்தது. வந்துவிட்டது.

“பழைய வண்டிதானேக்கா. வயசாயிருச்சு.”

அய்யா மெதுவாகத் தலையாட்டினார்.

“அதைத்தான் நானும் இவகிட்டச் சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரு வயசு வந்துருது வீரணா. நீ பாவம், உன்னால ஆனதப் பாத்துட்ட.”

“பெட்டியெல்லாம் எதுக்குங்கய்யா? அதான் வண்டி ஏறுதே!”

ரெஜினாக்கா திரும்பினார்.

“இன்னைக்கு ஏறுது. அடுத்த மாசம்? இது போச்சு, மாத்துன. அடுத்து எது போகும்னு உனக்குத் தெரியுமா? பாதி மலையில நின்னுருச்சுன்னா இவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“அப்படியெல்லாம் நிக்காதுக்கா. நல்ல வண்டிக்கா இது.”

“நீதானப்பா இப்ப வயசாயிருச்சுன்ன?”

சொன்னது நான்தான்.

“நல்ல வண்டிக்கா” என்று மறுபடியும் சொன்னேன். எனக்கே கேவலமாக இருந்தது.

“விடு வீரணா” என்றார் அய்யா. “மூணு வாரமா இவ தூங்கலை. கீழ போயிட்டா இவளுக்காவது நிம்மதி. என் கதை எங்க இருந்தா என்ன?”

சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்தார். அவர் அடுக்கின கல். நான் பார்த்ததை அவர் கவனித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கீழே ரோட்டில் ஜீப் ஒன்று திரும்புகிற சத்தம் கேட்டது.

“வந்துட்டாங்க போலருக்கு” என்றார் ரெஜினாக்கா.

எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ தெரியாது. யார் மேல் என்றும் தெரியாது. வாசலுக்கு ஓடினேன். கார்க் கதவைத் திறந்தேன். சீட் பெல்ட் கழல மாட்டேன் என்றது. நல்ல நேரம் பார்த்துச் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கி, கட்டியை ரெண்டு கையாலும் தூக்கி வந்து அய்யா மடியில், போர்வை மேல் வைத்தேன்.

“என்னப்பா இது?”

“இது வயசுல போகலைங்கய்யா. நான் உருக்கிட்டேன்.”

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்க கொண்டு வந்தப்ப ஒரு காயில்தான் போயிருந்துச்சு. அரை நாள் வேலை. நான் ஒயரை உருவிப் போட்டு மூணு நாள் ஓட்டுனேன். காதுல கேட்டுக் கண்டுபிடிக்கிறேன்னு. பெட்ரோல் எரியாமப் போயி இதை உருக்கிருச்சு. அதுக்கப்புறம் மாத்துனது பூராவும் நல்ல சாமான். டிக்கில கெடக்கு. எல்லாம் ஓடுற சாமான்.”

ரெஜினாக்கா என் முன்னால் வந்து நின்றார்.

“மூணு வாரம்டா! மூணு வாரம் இந்த மனுஷனை பஸ்ல இழுத்துக்கிட்டுப் போனேன்! கூட்டத்துல விழுந்து கெடந்தாரு, தூக்கிவிட ஆள் இல்லை! போன் பண்ணுனப்பல்லாம் பழைய வண்டிக்கா, பழைய வண்டிக்கான்னு சொன்னியேடா பாவி!”

“சொன்னேங்க்கா.”

“வெக்கமா இல்லை உனக்கு?”

“இருக்குக்கா.”

அதற்கு மேல் அவருக்கு அழுகைதான் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இன்னாசி அய்யா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் சுரண்டினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“அப்ப என்ஜினு?”

“அதுக்கு ஒண்ணும் இல்லைங்கய்யா.”

“பம்பு?”

“கழட்டுனதும் நல்ல பம்பு. மாட்டுனதும் நல்ல பம்பு.”

“வேற எதுவும் போகலை?”

“ஒண்ணுமே போகலைங்கய்யா. ஒழுங்காப் பாத்திருந்தா வண்டி அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்திருக்கும்.”

வாசலில் ஜீப் வந்து நின்றது. கதவைச் சாத்துகிற சத்தம். ரெண்டு மூணு பேர் பேசிக்கொண்டு வருகிற சத்தம். ரெஜினாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அய்யா போர்வையை விலக்கிவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

“ரெஜினா, வந்தவங்களுக்குக் காப்பி போடு. வீடு குடுக்குறதா இல்லைன்னு நான் சொல்லிக்கிறேன்.”